வலியின்றிப் பழுதாகும் சிறுநீரகம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)

 

உடல்நலம் குறித்து உரையாற்ற வேண்டும் என்று அழைத்த நிர்வாகிகள், எந்த உறுப்பைப் பற்றிப் பேசுவது என்பதை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள். இதயத்தைப் பற்றிப் பேச ஆட்கள் பலர் உண்டு. நான் சிறுநீரகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நமது பைத்துல்மாலின் உதவிப் பட்டியல்தான். கண் அறுவைக்கு உதவி கேட்பவர் ஒரு முறை கேட்கிறார். பார்வை கிடைத்ததும் துஆச் செய்துவிட்டுப் போய்விடுகிறார். டயாலிசிஸுக்கு உதவி கேட்பவரோ மாதந்தோறும் வந்து நிற்க வேண்டியவராகிறார். அவருக்கும் அது சங்கடம்; கொடுப்பவர்களுக்கும் சங்கடம். அந்த நிலைக்கு ஒருவர் எவ்வாறு வந்து சேர்கிறார், வராமல் தடுக்கும் வாய்ப்பு எந்த இடத்தில் இருந்தது என்பதைச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதுகுப்புறம், கீழ் விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்பின் இருபக்கமும் அவரை விதை வடிவில் அமைந்தவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளம்; எடை 150 கிராம் அளவே. ஆயினும் இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குத்தான் போகிறது. நிமிடத்திற்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் இரத்தம் இவற்றின் வழியே பாய்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண் வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் உள்ளன. அவை ஒரு நாளில் வடிக்கும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் 12 குடம்! அத்தனையும் சிறுநீராக வெளியேறினால் மனிதன் ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டான். வடித்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை, உடலுக்கு வேண்டிய உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு சேர்த்து நெஃப்ரான்கள் திரும்ப இரத்தத்திற்கே அனுப்பிவிடுகின்றன. மீதமுள்ள ஒன்றரை லிட்டரே கழிவுகளோடு வெளியேறுகிறது.

சிறுநீர் பிரிப்பது மட்டுமே இதன் வேலை என்று எண்ணுவோர் பலர். எலும்பு மஜ்ஜைக்குள் சிவப்பணுக்கள் உருவாகும்படி ஆணையிடும் எரித்ரோபொயட்டின் என்ற சுரப்பு இங்கிருந்தே செல்கிறது. வைட்டமின் டி உடலுக்குப் பயன்படும் வடிவத்தை அடைவதும் இங்கேதான். இரத்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொறுப்பும், இரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறாமல் காக்கும் பொறுப்பும் இதனுடையவை. ஆகவேதான் சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இரத்தசோகை வருகிறது, எலும்பு வலுவிழக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. பொட்டாசியம் அளவு கடந்துவிட்டால் இதயம் திடீரென நின்றும் போகலாம்.

செயலிழப்பு இரு வகைப்படும். ஒன்று, சில நாட்களில் திடீரென நேர்வது. கடும் வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், இரத்தத்தில் கிருமித் தொற்று, பெரும் இரத்தப்போக்கு போன்றவை இதற்குக் காரணங்கள். இவ்வகையில் சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டுவிடும். மீளும் வரை சில நாட்களோ, சில வாரங்களோ டயாலிசிஸ் தேவைப்படலாம். “ஒரு முறை மெஷினில் போட்டால் ஆயுளுக்கும் போட வேண்டும்” என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு உலவுகிறது. அந்த அச்சத்தால் கையெழுத்திட மறுத்து, நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் சென்றுவிடும் உறவினர்களை நான் கண்டிருக்கிறேன். டயாலிசிஸ் செய்ததனால் எவருடைய சிறுநீரகமும் அதற்கு அடிமையாவதில்லை. மீளக்கூடிய சிறுநீரகம் மீளும். மீள முடியாத நிலையில் இருப்பவருக்கே அது தொடர்கிறது. இளம் வயதினர் ஒருவர் பாம்புக்கடியோடு வந்து, மூன்று வாரம் டயாலிசிஸ் செய்து, பின்பு எவ்விதச் சிகிச்சையும் இன்றி வயல் வேலைக்குத் திரும்புவது மருத்துவமனைகளில் வழக்கமாகக் காணும் காட்சியாகும்.

இரண்டாவது வகைதான் நமது உதவிப் பட்டியலை நிரப்புவது. பல்லாண்டுகளாக மெல்ல மெல்ல நேரும் பழுது அது. அதன் முதற்காரணம் நீரிழிவு. அடுத்தது இரத்தக் கொதிப்பு. சர்க்கரை மிகுந்த இரத்தம் ஆண்டுக்கணக்கில் பாய்ந்து அந்த நுண் வடிகட்டிகளைச் சிதைக்கிறது. கண்ணி பெரிதாகிப்போன வலையிலிருந்து மீன் நழுவுவது போல, உடலுக்குள் தங்க வேண்டிய ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் நழுவி வெளியேறத் தொடங்குகிறது. இதுவே முதல் அடையாளம். ஆனால் நோயாளிக்கு இது தெரியாது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, சிறுநீரின் அளவும் குறைவதில்லை. முதுகு வலித்தால் “கிட்னியாக இருக்குமோ” என்று பதறி வருவோரில் மிகப் பெரும்பாலோருக்குத் தசைப்பிடிப்புதான் இருக்கும். உண்மையில் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பவரோ திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

கால் வீக்கம், காலையில் முகம் உப்புதல், வாய்க்கு ருசியின்மை, குமட்டல், அரிப்பு, படுத்தால் மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றும்போது செயல்திறனில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். இரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவுகூட, ஏறத்தாழப் பாதித் திறன் குறையும் வரை ‘சரியாக இருக்கிறது’ என்றே காட்டக்கூடும். எனவே கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி கொள்ளலாகாது. அதையும் வயதையும் பாலினத்தையும் கொண்டு கணக்கிடப்படும் ஈஜிஎஃப்ஆர் என்ற எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். நல்ல நிலையில் அது 90-க்கு மேல் இருக்கும். வயதானவர்களுக்குச் சற்றுக் குறையலாம். மூன்று மாதங்களுக்கு மேலாக 60-க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பர். 15-க்குக் கீழே போனால் இறுதி நிலை.

இத்துடன் இன்னொரு சோதனை உண்டு. ஒரு சிறு குப்பியில் கொடுக்கும் சிறுநீரில் ஆல்புமின், கிரியாட்டினின் விகிதத்தைப் பார்ப்பது. 30-க்குக் கீழ் இருப்பது இயல்பு. 30 முதல் 300 வரை இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். இவ்விரு சோதனைகளுக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆகும். சர்க்கரை அளவை மாதந்தோறும் பார்ப்போர் நம்மில் ஏராளம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் சிறுநீரில் ஆல்புமின் பார்ப்போர் எத்தனை பேர் என்று இங்கே கை உயர்த்தச் சொன்னால், உயரும் கைகளை எண்ணிவிடலாம்.

கசிவு தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மருந்துகள் அழுத்தத்தைக் குறைப்பதோடு ஆல்புமின் கசிவையும் குறைக்கின்றன. இவ்வகை மருந்து நீரிழிவுச் சிறுநீரக நோயின் வேகத்தைத் தணிக்கும் என்பது 1993-ஆம் ஆண்டிலேயே பெரிய ஆய்வொன்றில் நிறுவப்பட்டது. அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் குறிப்பிடத்தக்க புதிய மருந்து எதுவும் வரவில்லை. 2019, 2020 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள், சர்க்கரைக்காகக் கண்டறியப்பட்ட கனாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகிய மருந்துகள் சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடுவதைக் காட்டின. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-இல் முடிந்ததால், நமது நிறுவனங்கள் பலவும் அதைத் தயாரிக்கின்றன. விலையும் வெகுவாக இறங்கிவிட்டது. டயாலிசிஸைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடும் மாத்திரை நம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது. ஆனால் அது யாருக்குத் தேவை என்பதைச் சொல்லும் சோதனையை நாம் செய்துகொள்வதில்லை.

சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுத்தான் கிட்னி கெட்டது என்ற நம்பிக்கையால் மருந்தை நிறுத்திவிடுவோர் மிகப் பலர். மருந்தை நிறுத்தியபின் கட்டுப்பாடின்றி ஏறும் சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரையைச் சிறுநீரகத் திறன் 30-க்குக் கீழே குறைந்தபின் மருத்துவர் நிறுத்துவார். அது உடலிலிருந்து வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடும் என்பதே அதன் காரணம். அதைக் கண்டவர், மாத்திரைதான் கெடுத்தது என்று கதை கட்டிவிடுகிறார்.

உண்மையிலேயே கெடுக்கும் மாத்திரைகளை நாம் பெட்டிக்கடையிலும் வாங்குகிறோம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வயது முதிர்ந்தோர், நீரிழிவாளர், நீர்ச்சத்துக் குறைந்தவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். பெயரும் சேர்மானமும் எழுதப்படாத பொட்டலப் பொடிகளும் அப்படியே. அவற்றில் சிலவற்றில் பாதரசம், காரீயம் கலந்திருந்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன.

நமது மஹல்லாவின் சபுராளிகள் குறித்தும் ஒரு சொல். கடும் வெயிலில், போதிய நீர் அருந்தாமல் நாள் முழுதும் உடலுழைப்பில் ஈடுபடுவது சிறுநீரகத்தைத் தாக்கும் என்பது இப்போது தெளிவாகி வருகிறது. நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்களிடம் முதலில் இது பெருமளவில் கவனிக்கப்பட்டது. வளைகுடா நாடுகளில் வேலை செய்து ஊர் திரும்பிய நேபாளத்து இளைஞர்கள் பலர் சிறுநீரகச் செயலிழப்போடு வந்து சேர்ந்தமை குறித்தும் செய்திகள் வந்துள்ளன. கட்டுமானப் பணியில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது, அத்தர் குப்பிகளைப் பிரிப்பதற்கு முன்பு ஒரு முறை இரத்த அழுத்தத்தையும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி, முற்றிலும் செயலிழந்தபின் என்ன வழி என்பதற்கு வருவோம். 1943-இல் ஹாலந்து நாடு ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தபோது, காம்பென் என்ற சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவர் முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். இறைச்சி அடைக்கும் செல்லோஃபேன் உறையை ஓர் உருளையில் சுற்றி, அதனுள் நோயாளியின் இரத்தத்தைச் செலுத்தி, உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோர் ஏறக்குறைய அனைவரும் இறந்தனர். 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் மயக்கம் தெளிந்து பிழைத்தெழுந்தார். அந்தத் தத்துவம் இன்றும் மாறவில்லை: ஒரு மெல்லிய சவ்வு, அதன் ஒருபுறம் இரத்தம், மறுபுறம் தூய நீர்க்கரைசல்.

ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக்குழாயைக் கிழிக்க வேண்டியிருந்ததால், நாள்பட்ட நோயாளிகளுக்கு அதனால் பயனில்லாதிருந்தது. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்பவர், கையிலேயே நிலையாகப் பொருத்திவைக்கும் டெஃப்லான் குழாயைக் கண்டறிந்தார். அதனால் டயாலிசிஸைத் தொடர்ந்து செய்ய முடிந்தது. உடனே வேறொரு சிக்கல் முளைத்தது. இயந்திரங்கள் சில, நோயாளிகளோ பலர். யாருக்கு இயந்திரம், யாருக்கு இல்லை என்று முடிவு செய்ய, ஊர்ப்பொதுமக்களிலிருந்து எழுவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஒரு மதகுரு, ஒரு வழக்கறிஞர், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி முதலியோர் அமர்ந்து, யார் வாழ்வது என்று தீர்மானித்தனர். 1962-இல் ஒரு பத்திரிகை இதை வெளிப்படுத்தியபோது அந்நாடே அதிர்ந்தது. நமது பைத்துல்மால் குழுவினர் விண்ணப்பங்களைக் கையில் வைத்துக்கொண்டு அமரும்போது அவர்கள் முகத்தில் தெரியும் கவலைக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்பது முறையான டயாலிசிஸ். ஒரு வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கும் உறுப்பின் வேலையை இயந்திரம் 12 மணி நேரத்தில் செய்ய முயல்கிறது. முழுமையாகச் செய்ய இயலாது. எனவேதான் இடைப்பட்ட நாட்களில் தண்ணீருக்கும் உப்புக்கும் பொட்டாசியத்திற்கும் அளவு வைக்கிறோம். நலம் விசாரிக்கச் செல்வோர் அன்போடு இளநீர் வாங்கிச் செல்கிறீர்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. டயாலிசிஸ் நோயாளிக்கு அது நஞ்சுக்கு நிகர். அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இச்சிகிச்சைக்கு வழியுண்டு. விண்ணப்பிக்க உதவுவதும் ஓர் உதவிதான். வயிற்றுக்குள் திரவத்தைச் செலுத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் இருக்கிறது.

ரமளான் குறித்துக் கேட்பீர்கள். தொடக்க நிலையில், நிலையாக இருப்பவர் மருத்துவர் அனுமதித்தால் நோன்பு நோற்கலாம். முற்றிய நிலையில் உள்ளோரும் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் நோன்பு வைப்பது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. ஃபித்யா பற்றிய விளக்கத்தை ஆலிம்கள் தருவார்கள். நோன்பு வைக்காத நோயாளியும் வீட்டாரோடு இஃப்தாரில் அமர்ந்து பேரீச்சம்பழமும் உப்புப் போட்ட நோன்புக் கஞ்சியும் தாராளமாக எடுத்துக்கொள்கிறார். அப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம் என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதே சிறந்த சிகிச்சை. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே என்ற அறுவை மருத்துவர், ரொனால்ட் ஹெரிக் என்பவரின் ஒரு சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். உருவொத்த இரட்டையர் என்பதால் உடல் அதை அந்நியமாகக் கருதவில்லை. ரிச்சர்ட் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். தானம் செய்த ரொனால்ட் 2010 வரை, 79 வயது வரை வாழ்ந்தார். கொடுத்தவர் நலிந்து போவாரோ என்று அஞ்சுவோருக்காக இதைக் குறிப்பிடுகிறேன். மர்ரேக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1971-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இவ்வறுவை வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. 1980-களில் சைக்ளோஸ்போரின் மருந்து பரவலான பின்னரே, இரட்டையர் அல்லாதோரிடமும் நல்ல பலன் கிடைக்கலாயிற்று. புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைப்பார்கள். பழையவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆயுள் முழுதும் நேரம் தவறாமல் மாத்திரை உண்ண வேண்டும். “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று நிறுத்துவோர், பெற்றதை இழந்துவிடுகிறார்கள்.

யார் கொடுப்பது? பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவினர் என்கிறது. நம் நாட்டில் உயிரோடிருந்து கொடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். தாயும் மனைவியும் முன்வருவது போல், மனைவிக்காகக் கணவனும் சகோதரிக்காகச் சகோதரனும் முன்வருவதை நான் அரிதாகவே காண்கிறேன். திரைக்கு இப்பால் இருப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

பணத்திற்கு வாங்குவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2011 திருத்தத்தின்படி 10 ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடன் அடைக்கவே விற்றவர்கள். ஆண்டுகள் சில கழிந்தபின் பார்த்தால், நால்வரில் மூவர் அப்போதும் கடனில்தான் இருந்தனர். குடும்ப வருமானமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தரகர் மூலம் ‘ஏற்பாடு’ செய்து தருவதாகச் சொல்வோரிடம் நம்மவர் எவரும் போக வேண்டாம்.

மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து பெறும் திட்டம் 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை சோதித்தே மூளைச்சாவை உறுதி செய்வர். தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. மார்க்க நிலை குறித்து, சவூதி அரேபிய மூத்த அறிஞர் குழு 1982-லும், ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் பேரவை 1988-லும் நிபந்தனைகளுடன் உறுப்பு மாற்றத்தை அனுமதித்தன. துணைக்கண்டத்து ஆலிம்களிடையே மாறுபட்ட கருத்தும் உண்டு. நான் மருத்துவன், ஃபத்வா சொல்வது என் வேலையன்று. ஆலிம்களிடம் இதைக் கேட்கும் நேரம், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் நேரமாக இருக்க வேண்டாம் என்பது மட்டுமே என் கோரிக்கை. 2024 மார்ச்சில் பாஸ்டனில் மரபணு மாற்றப்பட்ட பன்றியின் சிறுநீரகத்தை உயிருள்ள மனிதர் ஒருவருக்குப் பொருத்தினார்கள். அவர் ஏறத்தாழ இரு மாதங்கள் வாழ்ந்தார். அந்த வினாவும் ஒரு நாள் நம் ஆலிம்களின் மேசைக்கு வரத்தான் போகிறது!

நிர்வாகத்திற்கு ஒரு வேண்டுகோள். நாம் ஆண்டுதோறும் நடத்தும் சர்க்கரை நோய் முகாமில், ஆல்புமின் சோதனையையும் கிரியாட்டினின் சோதனையையும் சேர்க்க வேண்டும். ஒருவருக்கு ஒரு மாத டயாலிசிஸுக்குத் தரும் தொகையில் பலருக்கு இச்சோதனையைச் செய்துவிடலாம். நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள், குடும்பத்தில் எவருக்கேனும் சிறுநீரக நோய் இருந்தவர்கள், கல்லடைப்புக் கண்டவர்கள், ஐம்பது வயதைக் கடந்தவர்கள் ஆகியோர் முதலில் வரட்டும். காலையில் முதன்முதலாகக் கழிக்கும் சிறுநீரைச் சுத்தமான குப்பியில் கொண்டுவர வேண்டும். உண்ணும் மாத்திரைகளின் அட்டைகள் அனைத்தையும், வலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு உடன் எடுத்து வாருங்கள். தாய்மார்களுக்கு மதரஸா கட்டடத்தில் தனி இடமும் பெண் செவிலியரும் இருக்கும்படி ஏற்பாடு செய்யலாம். முடிவுகளைப் படித்து விளக்க நான் வருகிறேன்.